பதினோரு மாடிக்கு முப்பத்தெட்டு நிமிடம்

லிஃப்ட் பழுது பார்க்கப் போகிறவர் லிஃப்டில் போக முடியாது. பழுதாகி நிற்பதே அதுதானே. உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைப் பத்தொன்பது வருட அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் எப்படி மறந்தார், நாங்களெல்லாம் அவரை எப்படி மறக்க விட்டோம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அழைப்பு மேசையில் இருப்பவள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் என்னிடம்தான் பேசுவார்கள். அந்த மெக்கானிக்கை நாங்கள் குண்டண்ணன் என்போம். அவரும் சிரித்துக்கொண்டே அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். வேலையில் புலி. ஆனால் ஒரு கட்டிடத்துக்கும் அடுத்த கட்டிடத்துக்கும் நடுவே வாய் சும்மா இருக்காது. பன், சர்க்கரை தூக்கலாக டீ, வண்டியின் முன்சீட்டில் எண்ணெய் ஊறிய பொட்டலம். சர்க்கரை நோய் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அண்ணன் முதலில் முட்டி வலி என்றார். பிறகு தெரு நாய்கள் என்றார். அப்புறம் நல்ல ஷூ இல்லை. ஷூ வாங்கியதும் அது கடித்தது. எல்லாம் தீர்ந்தால், “எங்கப்பாவும் இதே உடம்புதான், எழுபத்தாறு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு” என்பார். நாங்கள் சிரிப்போம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அழைப்பு வந்தது. பதினோரு மாடிக் குடியிருப்பு, ஒரே லிஃப்ட், நாலாவது மாடிக்கும் ஐந்தாவதற்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே தனியாக ஒரு கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. உறிஞ்சுகிற மருந்து ஒன்பதாவது மாடியில் வீட்டு மேசை மேல் இருந்தது. உள்ளே மின்விசிறியும் நின்றுவிட்டது.

அண்ணன் பத்தே நிமிடத்தில் கட்டிடத்துக்குப் போய்விட்டார். “வந்துட்டாரு டீச்சர், இதோ ஆயிடும்” என்றேன். அதற்குப் பிறகுதான் கொடுமை. அவருக்குப் போன் போட்டால், மூணாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறார். மறுபடி போட்டால், ஆறாவது. எட்டாவதில் அவரால் பேசவே முடியவில்லை. ஒரு காதில் அவர் மூச்சு வாங்குகிறார், மறு காதில் அந்த டீச்சர். நடுவில் உட்கார்ந்து நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் உச்சிக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நாலாவது மாடிக்கு இறக்க, அங்கே காத்திருந்த காவலாளி கதவைத் திறந்தார். கட்டிடத்துக்குள் நுழைந்ததிலிருந்து முப்பத்தெட்டு நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர் மருந்தைக் கொண்டுவந்து கொடுத்து, டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் இறங்கி வந்ததும் வழக்கமான பல்லவியைத்தான் பாடினார். அவர் போன் இணைப்பிலேயே இருந்ததால் எனக்கும் கேட்டது.

“மன்னிச்சுக்குங்கம்மா. என் உடம்பு வாகு அப்படி.”

டீச்சர் சத்தம் போடவில்லை. “உங்க உடம்பு, உங்க இஷ்டம். ஆனா என் மூச்சு உங்க கையில இருந்துச்சு. அதுக்கு என்ன சாக்கு வச்சிருக்கீங்க?”

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

ஆனால் உடனே திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் எல்லோரையும் திட்டினார். ஒரே லிஃப்ட் வைத்துக் கட்டினவனை, எழுபது கட்டிடத்துக்கு ஒரே ஆளைப் போட்ட நிறுவனத்தை, புகார் எழுதின டீச்சரை. இரண்டாவதில் நியாயம் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். மேலாளரோ அந்த நியாயத்தின் பக்கமே போகாமல், அவரை உதிரி பாகக் கிடங்குக்கு மாற்றுவதாகச் சொன்னார். அங்கேதான் அண்ணனுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் தவணை கேட்டு வாங்கினார்.

வார விடுமுறையில் விடிந்ததும் அதே கட்டிடத்துக்குப் போய்ப் படியேறினார். வெட்கம் பிடுங்கித் தின்றதால் காவலாளியிடம் லிஃப்ட் சோதனை என்று புளுகினார். முதல் நாள் மூன்று மாடி. மற்ற நாட்களில் தன் வீடிருக்கும் கட்டிடத்தின் நாலு மாடியையே மாறி மாறி ஏறி இறங்கினார். ஒன்பதாவது மாடியை எட்டிய அன்று டீச்சர் கதவைத் திறந்து பார்த்தார். பாராட்டவெல்லாம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார். “அந்தம்மா என்னை மன்னிக்கணும்னு என்ன கட்டாயம்?” என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் கண்டுபிடித்தது இது: பசியில் அவர் தின்றதே இல்லை, காத்திருக்கும்போதுதான் தின்றிருக்கிறார். சாவி வரும்வரை ஒரு பன், உதிரி பாகம் வரும்வரை ஒரு டீ. அண்ணி காய்கறியும் அவித்த முட்டையும் டப்பாவில் கட்டிக் கொடுக்க, ஒரு மணிக்கு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள் பழக்கதோஷத்தில் நான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவரிடம் நீட்டினேன்.

“ஏன் தங்கச்சி, எப்பவும் எனக்கே முதல்ல நீட்டுற?” என்றார். “நான் தின்னா உங்களுக்கெல்லாம் வேடிக்கையா இருக்கு, இல்ல?”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது. ஏழு வருடமாக நீட்டிய கை என்னுடையதுதான்.

இரண்டாம் மாதம் அடைமழை. பத்து நாள் படியேறவில்லை. பழைய காரணங்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன, பன்னும் வந்தது. அண்ணிதான் ஒரு காலையில் போர்வையை உருவி, “மழை வெளியில பெய்யுது. மாடிப்படி உள்ளதான இருக்கு?” என்று கேட்டாராம். எரிச்சலோடு எழுந்து போனார். எரிச்சலோடு போனாலும் படி படிதான்.

தவணை முடிந்தபோது பதினோரு மாடியை ஒன்பது நிமிடத்தில், ஒரே ஒரு இடத்தில் நின்று, ஏறினார். கிடங்குப் பேச்சு அடங்கியது. மேலாளருக்கு ஒரே குஷி. அண்ணனுடைய பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ‘மனமிருந்தால் முடியும்’ என்று வரவேற்பறையில் ஒட்டப் பார்த்தார். அண்ணன் அதைப் பிடுங்கிச் சுருட்டினார்.

“எழுபது கட்டிடத்துக்கு நான் ஒருத்தன். நாளைக்கே எனக்குக் காய்ச்சல் வந்தா யாரு ஏறுவா? என் சாக்கை நான் விட்டுட்டேன் சார். உங்க சாக்கை நீங்க எப்ப விடப் போறீங்க?”

அதன்பின் இன்னொரு ஆள் கேட்டு ஐந்து மாதம் விடாமல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது நான். இப்போது அந்தப் பகுதிக்கு இரண்டு மெக்கானிக்குகள். அண்ணனுக்கு எடை ஒன்பது கிலோதான் குறைந்திருக்கிறது, மாத்திரை நிற்கவில்லை, முட்டியும் வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறார்.