குங்குமம் வைத்த கேம்ஷாஃப்ட்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்கு என் மாமியார் கார் இன்ஜினுக்கு முகூர்த்தம் குறித்தார்.

சிரிக்காதீர்கள். அனுபவித்தவன் நான்.

அரியலூரில் மாமியார் வீட்டுக் கொட்டகையில், மாமனார் விட்டுப்போன பழைய பிளஷர் கார் ஒன்று நிற்கிறது. மச்சினன் செந்திலுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "எம் புள்ள அவங்கப்பா கார்லதான் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகணும்" என்றார் மாமியார். செந்திலோ ஒரு சுமோ பேசி வைத்திருந்தான்.

பெரம்பலூரிலிருந்து விருந்துக்குப் போனவன் சாப்பிட்டுவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். வந்தேனா?

"சுமோவா? கேன்சல் பண்ணுடா! இன்ஜினைப் பிரிச்சுக் கோர்த்து நான் ஓட்டிக் காட்டறேன். ஓடலைன்னா இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்!"

என் இன்ஜினியரிங் தகுதி? ஸ்கூட்டரில் பிளக் துடைக்கத் தெரியும்.

மெக்கானிக், லப்பைக்குடிகாடு கரீம் பாய். "துபாய்ல ஷேக் காரையே பிரிச்சவன் சார் நான்" என்பார் அடிக்கடி. திருப்பிக் கோர்த்தாரா என்று நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் ஆச்சு சார். நாளைக்கு வந்து டைமிங் வெச்சிடறேன். அதுல தப்புனா மொத்தமும் போச்சு."

மாமியார் காதில் 'டைமிங்' மட்டும் விழுந்தது. உள்ளே போனார். காலண்டரோடு வந்தார்.

"பத்தரைல இருந்து பன்னண்டு ராகு காலம். எதையும் வெக்கக் கூடாது. பன்னண்டேகாலுக்கு மேல கௌரி நல்ல நேரம். அப்ப வெய்யுங்க."

"அம்மா, இது அந்த டைமிங் இல்ல. கேம்ஷாஃப்ட் டைமிங்!"

"எந்த ஷாஃப்ட்டா இருந்தா என்ன பாய்? ராகுவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

பாய் ஊரிலிருந்து பஸ் பிடித்து வரவே பத்தரை ஆகும். பன்னிரண்டேகாலுக்கு அவர் ஜும்மா தொழுகைக்குப் போயாக வேண்டும். அப்படியானால் நல்ல நேரத்தில் டைமிங் வைப்பது யார்?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

மறுநாள் தொழுகைக்குக் கிளம்பும்போது பாய் தைரியம் சொன்னார்: "ரொம்ப ஈஸி சார். கீழ ஒரு பல்சக்கரம், மேல கேம்ஷாஃப்ட்டோட பல்சக்கரம். வால்வு எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு மேல இருக்கறதுதான் சொல்லும். ரெண்டுலயும் ஒரு பொட்டு இருக்கும். பொட்டும் பொட்டும் நேருக்கு நேர் பார்க்கற மாதிரி வெச்சு, செயினைப் போட்டு மூடிடுங்க."

"கை கால் கழுவிட்டு வாங்க மாப்ள, நல்ல காரியம்" என்றார் மாமியார். கழுவிவிட்டு வந்தேன். கொட்டகையில் கற்பூர வாசனை. அதற்கெல்லாம் அர்த்தம் யோசிக்கிற ஆளா நான்?

குனிந்து பார்த்தேன். ஆகா... பாய் சொன்ன பொட்டு! மேலே ஒன்று, கீழே ஒன்று. சிவப்பாக, பளிச்சென்று! இத்தனை வருஷம் கழித்தும் வெள்ளைக்காரன் போட்ட பெயின்ட் உரியவில்லையே என்று நெகிழ்ந்துபோனேன். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி, செயினைப் பூட்டி, மூடியையும் முடுக்கிவிட்டேன்.

"மூடியே போட்டாச்சா? மாஷா அல்லா!" என்று வந்த பாய் வண்டியைக் கிளப்பினார்.

டமால்!

வேப்பமரத்துக் காக்கை மொத்தமும் பறந்தது. பாய் அசரவில்லை. "புதுக் கோர்ப்பு சார். போகப் போகச் சரியாயிடும். ஷேக் வண்டியும் இப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமை மாலை, கல்லங்குறிச்சி. கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஸ்டீயரிங்கில் நான். பின்சீட்டில் மாலையும் வியர்வையுமாகச் செந்தில். வண்டி நடக்கிற வேகத்துக்கு மேல் போக மறுத்தது. பத்தடிக்கு ஒரு டமால்.

"மாமா... இப்பக்கூட சுமோ கெடைக்கும்."

"வாயை மூடுடா. சிரி. எல்லாரும் பார்க்கறாங்க."

மேளக்காரர்கள் டமாலுக்குத் தகுந்த மாதிரி தாளத்தை மாற்றிக்கொண்டார்கள். மண்டப வாசலில் கடைசியாக ஒரு பெரிய டமால். இன்ஜின் நின்றது. என் மூச்சும். பெண்ணின் பெரியப்பா விறுவிறுவென்று என்னிடம் வந்தார். போச்சு... இனி இந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

"வேட்டு பிரமாதங்க! யாரைச் சொல்லியிருந்தீங்க? ஒண்ணுகூடப் புஸ்வாணமாகலையே!"

"நம்ம சொந்த ஏற்பாடுதாங்க" என்றேன். அன்று பந்தியில் எனக்கு இரண்டு ஜாங்கிரி.

கல்யாணம் முடிந்த மறுநாள் பாய் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலால் குங்குமத்தைத் துடைத்தார். நிஜப் பொட்டு — இரும்பில் அடித்த சின்னக் குழி — இரண்டு பல் தள்ளி அமைதியாக உட்கார்ந்திருந்தது. பாய் டைமிங்கைச் சரியாக வைத்துக் கொடுத்தார். வண்டி இப்போது பூனை மாதிரி ஓடுகிறது.

மாமியாருக்குத்தான் வருத்தம். "நல்லா வெடிச்சுக்கிட்டு இருந்த வண்டிய அந்த பாய் கெடுத்துட்டாரே, மாப்ள!"

நேற்று தா.பழூரிலிருந்து பெண்ணின் பெரியப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். அவர் மகன் கல்யாணத்துக்கும் அந்த வேட்டுக் கார்தான் வேண்டுமாம். மாமியார் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பாயிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"அதுக்கு நான் எதுக்கு சார்? வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போயிட்டு வரேன்... நீங்களே வெச்சிடுங்க."