கூவாத நேர்ச்சைச் சேவல்

அன்று முனியாண்டி கோயில் முன்னால் அக்கா, அவள் மடியில் மூன்று மாதக் குழந்தை, அத்தான், பூசாரி, நான் ஆகியோர் இருந்தோம். ரப்பர்ப் பால் வெட்டப் போன அப்பாவும் அம்மாவும் பால்மரக் காட்டிலிருந்து திரும்பவில்லை. நல்லவேளை.

பிரசவம் சுகமாக முடிந்தால் சேவல் கொடுப்பதாகவும், கொடுத்த பிறகே பிள்ளையைத் தொட்டிலில் போடுவதாகவும் அக்கா நேர்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து பிள்ளை இரவும் பகலும் அவள் மடியில்தான்.

சேவலை வளர்க்கும் பொறுப்பு என்னுடையது. வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தானே! சாமிக்குப் போவது கொழுத்திருக்க வேண்டாமா? மாசாய் ஊருக்குப் போகும் பாதையில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனர் ஒருவர், சேவலின் விலாவோரம் கீறி உள்ளிருக்கும் விதைகளை எடுத்துவிடுவார். அப்புறம் சதை போடும் என்றார்கள். இருபது காசு கொடுத்து, யாருக்கும் சொல்லாமல் செய்து வந்தேன். சேவல் பூசணிக்காய் மாதிரி ஆனது. கூவத்தான் இல்லை.

பூசாரி சேவல் இருந்த கூடையைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"வாலைப் பார்த்தா சேவலு, தலையைப் பார்த்தா பொட்டை. சாமி எதுன்னுப்பா எடுத்துக்கும்?"

எனக்கோ ஒரே உற்சாகம். வாத்தியார் சொன்னதெல்லாம் கண்ணெதிரே நிற்கிறதே! விதையில் ஊறும் ஹார்மோன் என்ற நீர் ரத்தத்தோடு ஓடித்தான் கொண்டையைச் சிவக்க வைக்கிறது, கூவ வைக்கிறது என்று கையை ஆட்டி விளக்கினேன். நீண்ட வாலுக்கு அந்த நீர் தேவையில்லை. பெட்டையின் உடம்பில் ஊறும் வேறொரு நீர்தான் அதன் இறகை அடக்கி வைக்கிறது. இதற்கு இரண்டு நீரும் இல்லை. அதனால்தான் இந்தக் கோலம்.

அத்தான் என் மேலுதட்டை உற்றுப் பார்த்தார். "அப்ப உனக்கும் அந்தத் தண்ணி இன்னும் வந்து சேரலையா மச்சான்?"

சிலருக்குத் தாமதமாகும் என்று நான் பொறுப்பாகப் பதில் சொல்ல, பூசாரி சாமியின் வேல்கம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சிரிக்காதவள் அக்கா மட்டும்.

"தம்பி, என் தோளு விட்டுப்போச்சு. இன்னிக்கு இவளைத் தொட்டில்ல போடலாமா, கூடாதா? அதைச் சொல்லு."

கூவுகிற சேவல்தான் வேண்டும் என்றார் பூசாரி. கங்காணி வீட்டுக்கு ஓடினேன். நான் மூச்சு வாங்கிய வாங்கலிலேயே கங்காணியின் மனைவி விலையை ஏற்றிவிட்டார். காசை அத்தான்தான் கொடுத்தார். என் கக்கத்தில் இருந்தபடியே அது வழியெல்லாம் கூவியது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள்.

நேர்ச்சை முடிந்து, பிள்ளை தொட்டிலில் தூங்கியது. அதன் கீழேயே பாயில் அக்காவும் சாய்ந்துவிட்டாள். சீனருக்குக் கொடுத்ததையும் சேர்த்து நேர்ச்சைச் செலவு மொத்தம் ஒரு வெள்ளி எண்பது காசு.