விடுபட்ட கடைசிப் பெயர்

போன வியாழக்கிழமை, கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப எளிய பாடம். ஆங்கில எழுத்து வரிசையில் இருக்கும் இரண்டு பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும். இரண்டிலும் முதலில் நிற்கும் பெயர்களைப் பார்... எது முந்துகிறதோ அதை எடுத்துப் புதுப் பட்டியலில் வை... அடுத்ததைப் பார். அவ்வளவுதான்!

அனிதா என்ற பெண் எழுதிக் காட்டினாள். "ஒரு லிஸ்ட் தீர்ந்தா நிறுத்திடலாம் அல்லே, மேடம்?"

"அப்போ மத்த லிஸ்ட்ல மிச்சம் நிக்கிறவங்க?"

கேட்டேனே தவிர, அதற்கு மேல் எனக்கு வகுப்பு ஓடவில்லை.

இதே புரோகிராமை என் கல்யாணத்துக்காக நானும் எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் சொந்தக்காரர்கள் பட்டியல், என்னிடம் சிநேகிதிகள் பட்டியல். கம்ப்யூட்டர் படித்த மகள் சும்மா இருப்பாளா? இரண்டையும் ஒன்றாக்கி, விலாச லேபிள்களாக பிரின்ட் எடுத்தேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்தது! சித்தப்பா வீட்டார் உட்கார்ந்து ஒட்டித் தபாலில் போட்டார்கள்.

வசந்தா மட்டும் வரவில்லை.

வித்துராவில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். காலேஜில் மூன்று வருஷம் என்னோடு ஒரே பெஞ்ச். நிச்சயமானதும் கடைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பத்திரிகை வரட்டும், முந்தின நாளே வந்திருவேன்" என்றாள். தாலி ஏறும்போதுகூட என் கண் மண்டப வாசலில்தான் இருந்தது. ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. போகட்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன் — எட்டு வருஷம்!

அன்று சாயங்காலமே பீரோவிலிருந்து பழைய பிரின்ட் அவுட்டை எடுத்தேன். அப்பாவின் பட்டியல் சுப்ரமணியத்தோடு தீர்ந்திருந்தது. அதோடு என் புரோகிராமும் நின்றிருந்தது. என் பட்டியலில் அதற்கப்புறம் இருந்தது ஒரே பெயர்.

சனிக்கிழமை வித்துராவுக்கு பஸ் ஏறினேன். கடையில் வசந்தாவின் மதினி இருந்தார். வசந்தா கல்யாணமாகி நாக்பூரில் இருக்கிறாளாம்.

"நீங்கதானா அது? போஸ்ட்மேன் வாற நேரமெல்லாம் அவ வாசல்ல வந்து நிப்பா. புதுப் புடவை எடுத்து, ப்ளவுஸும் தைச்சு வச்சிருந்தா, பாவம்."

நம்பர் வாங்கிவந்து மறுநாள் போன் செய்தேன். புரோகிராம், லேபிள், என் மடத்தனம்... எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு வசந்தா சொன்னாள்:

"எனக்க கல்யாணத்துக்கு ஒனக்குப் பத்திரிகை அனுப்பல்லியே... அது மிஸ்டேக் இல்ல, கேட்டியா. வேணும்னுதான்."

தப்பு செய்தது புரோகிராம் என்று சொல்லிக்கொள்ளலாம். 'ஏன் வரலை?' என்று ஒரு போன் போட்டுக் கேட்க எனக்கு எந்த புரோகிராம் வேண்டியிருந்தது? அவ்வளவு நெருங்கினவர்களிடம்தான் நாம் கேட்பதே இல்லை... அவர்களாக வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறோம்.

"சரி, ஒன் கல்யாணத்தன்னைக்கு என்ன கலர் புடவை கட்டின?"

"அரக்கு."

"ம்ம்... சொல்லு."

சொன்னேன். நாதஸ்வரம் முதல் பாயசம் வரை, ஒன்றுவிடாமல்.

அன்று அவள் வந்திருந்தால், இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருந்திருக்காதே!