சித்தி விட்ட ஒரு தப்பு

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் என்று பெயர் எடுத்திருந்தேன். சித்தி நர்ஸ். மருந்துப் பெயரெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் வாக்கியமாகப் பேசச் சொன்னால் நேற்று நடந்ததும் நாளை நடக்கப்போவதும் ஒன்றாகக் கலந்துவிடும். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வீடியோ காலில் இன்டர்வியூ வந்தது. அவளுக்கு டென்ஸ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு.

சித்தப்பா முந்தின வருடம் தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிய தோணியில் போனவர். புயலில் தோணி மூழ்கிவிட்டது. கொஞ்ச நாள் தேடிவிட்டு நிறுத்திவிட்டார்கள். மாதா கோயிலில் பூசை வைத்தோம். கல்லறைக்குக் கொண்டுபோக உடல் இல்லாததால் நேரே வீட்டுக்கு வந்தோம்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று அதையும் பழகினோம்.

"மை ஹஸ்பண்ட் இஸ் எ சீமேன்" என்றாள் சித்தி.

"செத்தவங்களுக்கு இஸ் வராது சித்தி. வாஸ்" என்றேன், டீச்சர் குரலில்.

"வாஸ்" என்றாள் சித்தி. பாத்திரம் கழுவும்போதும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இன்டர்வியூ அன்று போனை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் சித்தி பிசகில்லாமல் பதில் சொன்னாள். கடைசியில் இன்டர்வியூ எடுத்த அம்மாள் சிரித்தபடி குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள்.

"மை ஹஸ்பண்ட் இஸ் எ சீமேன். ஹி இஸ் கமிங் ஹோம் ஃபார் கிறிஸ்மஸ்."

குரல் தடுமாறவே இல்லை.

கால் முடிந்ததும் அம்மா உள்ளே வந்து என்னிடம் கேட்டாள். "ஏளா, எப்படிப் பேசுனா?"

"எல்லாம் சரிம்மா. ஒரு டென்ஸ்தான் தப்பாயிட்டு."

"எங்கன தப்பு விட்டேன்?" என்றாள் சித்தி.

அவள் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன்.

"அப்படியா சொன்னேன்?" என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பூசையன்றுகூட அழாத சித்தி அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த வேலை கிடைக்காது என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். "ஒரு தப்புதான சித்தி, அவங்க கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றேன்.

அடுத்த மாதம் வேலைக்கு அழைப்பு வந்தது. நான் சொன்னதுபோலவே அவர்கள் கவனிக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.