வெள்ளைத் தூள்

ஆட்டையாம்பட்டி தாண்டியதும் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரத் தோட்டத்தில் ரிக் லாரி ஒன்று தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டிருக்கிறது. இறங்கிய சனமெல்லாம் வேடிக்கை பார்க்கப் போகிறது. நானும் பின்னால் போய் நிற்கிறேன்.

ராடு இறங்க இறங்க மேலே வரும் கல் தூளைக் கைப்பிடி கைப்பிடியாக வரப்பில் குவித்து வைக்கிறார் தோட்டக்கார அம்மா. சிவப்பாகச் செம்மண், சாம்பல் மாதிரிக் கருங்கல், நடுவில் மினுங்குகிற காக்காப்பொன். பக்கத்துத் தோட்டத்துப் போரில் தண்ணீரே இல்லாமல் வெறும் புகைதான் வந்ததாம். இவருடைய தென்னைகள் காய்ந்து நிற்கின்றன.

"இப்ப வந்த இந்த வெள்ளை என்ன கல்லுன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஏனுங்க ஆத்தா, நீங்க சொல்லுங்க" என்று என்னையே பிடித்துக்கொள்கிறார்.

எல்லாரும் என் பக்கம் திரும்புகிறார்கள். அந்த வெள்ளைத் தூளை இரண்டு விரலில் எடுத்துத் தரையில் ஒரு கோடு இழுக்கிறேன். தினமும் வாசலில் இழுக்கிற அதே நறநறப்பு.

"அட, கோலப்பொடி! அப்ப வெங்கச்சாங்கல்லு! இந்த வெள்ளைக்கல்லு வந்தா தண்ணி பக்கத்துலதான் இருக்கு சாமி!" என்று கத்துகிறார் தோட்டக்கார அம்மா.

சொல்லி முடிப்பதற்குள் குழி சீறுகிறது. வெள்ளைத் தண்ணீர் எல்லார் மேலும் அடிக்கிறது. அந்த அம்மா அழுதுகொண்டே சிரிக்கிறார்.

சக்கரம் மாற்றியாகிவிட்டது. கண்டக்டர் என் சேலையைப் பார்க்கிறார்.

"என்னங்க, மாவு மில்லுக்குப் போய்ட்டு வாரீங்களா?"

"வெங்கச்சாங்கல்லுங்க" என்கிறேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.