வலி இல்லாதவர்களுக்கு ஒரு முகாம்

போன மாதம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஊர் சுற்ற அல்ல — ஒரு மருத்துவ முகாமை வேடிக்கை பார்க்க! கூப்பிட்டவள் என் சிநேகிதி டாக்டர் சுகந்தி. மலையடிவாரத்தில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி நடத்துகிறாள்.

"மார்பகப் புற்றுநோய் முகாம். கூட வர்றியா?" என்றாள்.

அந்த வார்த்தையை இங்கே எழுதலாமா என்று எடிட்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் 'பெண்கள் நோய்' என்று மாற்றச் சொல்வார். பெயரை அச்சடிக்கவே இத்தனை கூச்சம் என்றால், நோய் வந்தவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஜீப்பில் சுகந்தி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். இதைப்பற்றி எவ்வளவோ ஆராய்ச்சி நடந்திருக்கிறதாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இருக்காதாம்... சும்மா ஒரு கட்டி. அப்போதே கண்டுபிடித்தால் பிழைக்க வாய்ப்பு அதிகமாம்.

"எல்லாம் மருத்துவப் பத்திரிகைக்குள்ளேயே தூங்குது. வலி வர்றதுக்கு முன்னாடி இந்தப் பெண்களை வரவழைக்கணும். அவ்வளவுதான்!"

அவ்வளவுதானா?

பள்ளிக்கூடத்தில் முகாம். உள்ளே திரை மறைவில் சுகந்தி. வாசலில் டோக்கன் கொடுக்க, அவளுடைய கம்பவுண்டர் அருளப்பன் — அடிவாரத்துச் சந்தவாசல் ஊர்க்காரர், பல முகாம் கண்டவர். கூட்டம் அலைமோதியது. ஆனால், மத்தியானம் எட்டிப் பார்த்தால் சுகந்தியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"முட்டிவலி, தலைவலி, பல்வலி... ஒரு கட்டிகூட வரலையே! இந்த மலையில யாருக்குமே இல்லையா?"

எனக்கும் அதே சந்தேகம். வாசலில் போய் உட்கார்ந்தேன்.

புளிக்கூடையோடு ஒரு பெண் வந்தாள். பெயர் பூங்காவனம் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா நோவு?" என்றார் அருளப்பன்.

"நோவு ஒண்ணும் இல்லீங்க. ஒரு கட்டி கீது."

"நோவுதா?"

"இல்லீங்க."

"அப்ப இன்னாத்துக்கு டோக்கன்? நோவு வந்தா வாம்மா. அடுத்த ஆளு!"

பூங்காவனம் சிரித்த முகத்தோடு திரும்பினாள். வாசலிலேயே 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டார்களே, அந்தச் சந்தோஷம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கட்டி எங்கேன்னு கேட்டீங்களா?"

"பொம்பளைங்ககிட்ட அதெல்லாம் எப்டிம்மா கேக்கறது?" என்று நெளிந்தார். "எல்லா கேம்ப்லயும் நோவு இருக்கறவங்களுக்குத்தான் டோக்கன்."

கோபம் வந்தது. ஆனால் இந்த முகாம் வேறு மாதிரி என்று அவரிடம் யார் சொன்னார்கள்? மலையேறும் வரை எனக்குப் பாடம் நடத்திய சுகந்தி, முன்சீட்டில் இருந்த அருளப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

ஓடிப்போய்ப் பூங்காவனத்தைப் பிடித்தேன். கட்டி எங்கே என்றேன். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணாலேயே இடது மார்பைக் காட்டினாள்.

"சாமை அறுப்புக்கு முன்னாடியே கீதும்மா. நோவு இல்லாதவ வைத்தியத்துக்குப் போனா, வேலைக்கு டிமிக்கியான்னு வூட்ல கேப்பாங்க."

"நோவு வர்றதுக்குள்ள பாக்கத்தான் டாக்டரே வந்திருக்காங்க."

"அப்பறம் அவரு ஏன் நோவு கேக்கறாரு?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பரிசோதித்துவிட்டு வெளியே வந்த சுகந்தி, "சின்னதுதான். ஆனா எனக்குப் பிடிக்கலை. இன்னைக்கே கீழே கூட்டிட்டுப் போகணும்" என்றாள். வாசல் விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த நிமிடம், உள்ளே அவளுக்கு உதவிக்கொண்டிருந்த நர்ஸ் வாசலுக்கு வந்தாள். "கட்டி கீதா? நோவு இல்லாட்டியும் சொல்லுங்க" என்று கேள்வி மாறியது.

பாவம், அருளப்பன் சும்மா இருப்பாரா? "நோவு இல்லாதவங்கள்லாம் வாங்க!" என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போனார். கம்பவுண்டருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. அந்தக் கூட்டத்திலிருந்துதான் பூங்காவனத்தின் புருஷனைத் தேடிப் பிடித்துப் பேசினோம். சாயங்காலம் இருவரும் ஜீப்பில் ஏறினார்கள்.

நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். நாங்கள் பயந்த நோயேதான். ஆனால் பரவுவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. நெஞ்சைச் சுற்றிக் கட்டோடு படுத்திருந்தாள்.

"எப்படி இருக்கு பூங்காவனம்?" என்று குனிந்தாள் சுகந்தி.

அவள் முறைத்தாள். "நோவு நொடி இல்லாம நல்லாத்தான் வந்தேன் டாக்டரம்மா. இப்பத்தான் நோவுது!"

சுகந்தி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

இந்தத் திட்டை வாங்கத்தானே அவள் மலையேறியது!