கண்ணுச்சாமி வரைந்த வில்லுப்பாட்டு

செட்டியார்பட்டி கண்ணுச்சாமிக்குப் பாட்டு இல்லாமல் பிரஷ் ஓடாது. ராஜபாளையத்தில் எந்தக் கடைக்குப் போர்டு எழுதப் போனாலும், பக்கத்து டீக்கடை ரேடியோ காதில் விழுகிற மாதிரிதான் ஏணியைச் சாத்துவார். சோகப் பாட்டு வந்தால் எழுத்து சாய்ந்துவிடும். மளிகைக்கடை பக்கீர் முகமது ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, எம் பேரு அழுதுக்கிட்டு நிக்கி?" என்று கேட்டார்.

கேலி கண்ணுச்சாமிக்குக் கூடப்பிறந்தது. அன்றன்று பார்த்த ஆட்களைச் சாயங்காலம் கேலிப்படமாகப் போடுவார். முதலில் பார்ப்பவள் மனைவி பரிபூரணம். மூக்கை வரைந்ததுமே ஆள் யாரென்று பிடித்து, படம் முடியுமுன் சிரித்துவிடுவாள். அப்படி அவள் பார்த்துச் சிரித்த ரெண்டு படங்கள் மெட்ராஸ் வாரப் பத்திரிகையில்கூட வந்தன.

எண்பத்தாறாம் வருஷம் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தாள், ஆனால் ரெண்டு காதும் அடைத்துப்போயின. இனித் திரும்பாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பின் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பரிபூரணத்துக்கு முகம் சுண்டிப்போகும். கண்ணுச்சாமி ரேடியோவைப் பரணில் ஏற்றினார். அவளுக்கு இல்லாத பாட்டைத் தான் மட்டும் கேட்பது, பக்கத்து இலை காலியாகக் கிடக்கும்போது தான் சாப்பிடுவது மாதிரி இருந்தது. படம் போடவும் கை வரவில்லை.

கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தாள் பரிபூரணம். "ரேடியோவ எதுக்குப் பரண்ல ஏத்துனீக? காது போனது எனக்கு. ஒங்களுக்கு என்ன கேடு?" தன் சத்தம் தனக்குத் தெரியாததால் தெருவுக்கே கேட்டது. அவளே இறக்கித் திருகினாள். அவர் முகத்தைப் பார்த்து, "இப்ப என்ன வருது?" என்றாள்.

சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்தார். நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் ரெண்டும் பணியாரமாய் உப்பி, குடுமி நட்டமாய் நின்றது. "பாவம், மூச்சு விடச் சொல்லுங்க" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் படத்தை மிதிக்காமல் சுற்றிப்போய் உலை வைத்தாள்.

அந்தச் சித்திரையில் சேத்தூரில் அம்மன் கொடைத் திருவிழா. மத்தியானம் வில்லுப்பாட்டு. "ஊமக்கோட்டான் கணக்கா நான் வந்து உக்காரவா?" என்றவளை வம்படியாகக் கூட்டிப்போனார். பெண்கள் பக்கம் அவளை உட்காரவைத்து, சிலேட்டோடு தானும் உட்கார்ந்தார்.

"ஏலே, பொம்பளையாளுக எடத்துல ஒனக்கென்ன சோலி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவர் நிமிரவில்லை.

வில்லுக்குப் பின்னால் தலைமைப் பாட்டுக்காரர் அண்ணாவி கதை சொல்லச் சொல்லச் சிலேட்டில் கோடு ஓடியது. படத்தில் குடம் அடிக்கிறவர் குடமென்று நினைத்துத் தன் தொப்பையிலேயே அடித்துக்கொண்டிருந்தார். வரிக்கு வரி 'ஆமா' போடுகிறவர் பூம்பூம் மாடாய்த் தலையாட்டினார். பரிபூரணத்தின் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்துவிட்டாள். எட்டிப் பார்த்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கதையில் அது அம்மன் அழுகிற கட்டம். அண்ணாவி பாட்டை நிறுத்தினார். "அழுவ வேண்டிய எடத்துல யாரு தாயி சிரிக்கது?"

கண்ணுச்சாமி எழுந்து கும்பிட்டார். "இவளுக்குக் காது கேக்காது அண்ணாவி. நீங்க பாடுதத நான் படமாக் காட்டுதேன்." சிலேட்டைக் கொண்டுபோய் நீட்டினார்.

அண்ணாவி பார்த்தார். அதைக் குடக்காரர் பக்கம் திருப்பினார். குடக்காரர் சிலேட்டைப் பார்த்தார், குனிந்து தொப்பையைப் பார்த்தார். மேடை மொத்தமும் சிரித்தது.

"அதெல்லாம் சரி, எம் மூஞ்சி எங்கவே?" என்றார் அண்ணாவி. "ரெண்டு பேரும் முன்னால வந்து உக்காருங்க. நான் செத்த நிதானமாப் பாடுதேன்."

அதற்குப்பின் எந்த ஊரில் கொடையென்றாலும் பரிபூரணம் தானே முதலில் கிளம்பினாள். பத்திரிகைக்குப் போகிற படமெல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும். உதட்டைப் பிதுக்கினாளோ, படம் கிழிந்தது. தொண்ணூறுகளில் வாரம் தவறாமல் அவர் படம் வந்தது. அதில் பாதி பாட்டுக்காரர்கள்தான்.

ஒரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித்தேரில், தவிலுக்குப் பக்கத்தில் நின்று வரைந்துகொண்டிருந்தார். அவள் சிலேட்டைப் பார்த்துத் தலையசைத்தாள். "நீங்க பிந்துதீக. தவில்காரரு எங்கயோ போயிட்டாரு." நெஞ்சில் கை வைத்தாள். "இங்கன அதிருது."

பிறகு கண்ணுச்சாமியின் முழங்கையில் அந்தத் தவில் அடியை விரலால் தட்டிக் காட்டினாள். ஓர் அடி பிசகவில்லை. கண்ணுச்சாமி சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை அவளிடமே விட்டுவிட்டு, தேர் தெரு திரும்புகிற வரைக்கும் அப்படியே நின்றார்.